குஜராத் சுரங்கத்தில் கிடைத்த 25 எலும்புகள்: தேவாங்கின் கிளையும் குரங்கின் கிளையும் பிரிந்தது எப்படி?

குஜராத் மாநிலம் சூரத் மாவட்டத்தில் உள்ள வஸ்தான் சுரங்கம், மின் உற்பத்திக்குத் தேவையான பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டப்பட்டது. அங்கு நிலக்கரி அடுக்குகளுக்கு இடையே படிந்திருந்த களிமண்ணில், சுமார் 5 கோடியே 45 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மிகச் சிறிய விலங்குகளின் கை, கால் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் 25 எலும்புகளை ஆராய்ந்த இந்திய, அமெரிக்க, பெல்ஜிய விஞ்ஞானிகள், 2016-ஆம் ஆண்டில் 'ஜர்னல் ஆஃப் ஹியூமன் எவல்யூஷன்' ஆய்விதழில் தங்கள் முடிவை வெளியிட்டனர். அந்த எலும்புகளில் பலவற்றை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று அவர்கள் அதில் எழுதியிருந்தனர்.

வழக்கமாக இத்தகைய வாக்கியம் ஓர் ஆய்வின் குறையாகவே படும். ஆனால் இந்த ஆய்வின் பெரும் பயனே அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. எலும்பைப் பார்த்துக் குடும்பத்தைப் பிரித்தறிய முடியவில்லை என்றால், அந்தக் குடும்பங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து அதிக காலம் ஆகவில்லை என்று பொருள். அந்த இரு குடும்பங்களில் ஒன்றின் வழியில் வந்தவர்களே மனிதர்கள்.

ஈர மூக்கும் உலர் மூக்கும்

குரங்குகள், வாலில்லாக் குரங்குகள், லெமூர்கள், தேவாங்குகள், மனிதர்கள் ஆகிய அனைவரும் 'முதனிகள்' எனப்படும் ஒரே விலங்கு வரிசையைச் சேர்ந்தவர்கள். இந்த வரிசை இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிகிறது. மடகாஸ்கர் தீவின் லெமூர்கள், ஆப்பிரிக்காவின் புஷ்பேபிகள், இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் தேவாங்குகள் ஆகியவை ஒரு கிளை. நாயின் மூக்கைப் போல இவற்றின் மூக்கு நுனி எப்போதும் ஈரமாக இருப்பதால், இவற்றை ஈர மூக்கினம் என்று கூறலாம். தென்கிழக்கு ஆசியத் தீவுகளின் டார்சியர், எல்லா வகைக் குரங்குகள், மனிதன் ஆகியோர் மற்றொரு கிளை. இவர்களின் மூக்கு நுனி உலர்ந்தது.

திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் உள்ள கடவூர் தேவாங்கு சரணாலயம் தமிழக வாசகர்களுக்குப் பழக்கமான பெயர். 2022-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயத்தில் இரவு நேரத்தில் பூச்சி தேடும் தேவாங்கும், பகலில் கோயில் மதிலில் அமர்ந்திருக்கும் குரங்கும் இந்த இரு கிளைகளின் இன்றைய பிரதிநிதிகள். இன்று இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. அவற்றின் முன்னோர்கள் விஷயத்தில்தான் குழப்பம்.

புவி திடீரென்று வெப்பமடைந்த ஒரு குறுகிய காலம், சுமார் 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்தது. இயோசீன் யுகத்தின் தொடக்கம் அது. அப்போதுதான் இன்றைய சாயலுள்ள முதனிகள் ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களின் பாறைகளில் திடீரெனத் தென்படுகின்றன. தென்படும்போதே அவை இரு குழுக்களாகப் பிரிந்துவிட்டிருந்தன. அடாபாய்டுகள் என்னும் குழு ஈர மூக்கினத்தின் அடிவேர்ப் பக்கம் நிற்கிறது. ஓமோமிட்டுகள் என்னும் குழு உலர் மூக்கினத்தின் அடிவேர்ப் பக்கம் நிற்கிறது. பிரிவதற்கு முன் அவை எப்படி இருந்தன என்பதைக் காட்டும் எலும்புகள்தான் கிடைக்காமல் இருந்தன.

சல்லடையில் தங்கிய விலங்குகள்

வஸ்தான் சுரங்கத்தில் 2000-களின் முற்பகுதியில் இருந்து முதுகெலும்பிகளின் புதைபடிவங்கள் சேகரிக்கப்பட்டு வந்தன. உத்தராகண்ட் மாநிலம் ஸ்ரீநகரில் உள்ள எச்.என்.பி. கர்வால் பல்கலைக்கழகத்தின் ராஜேந்திர சிங் ராணா, டேராடூன் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தின் கிஷோர் குமார், பஞ்சாப் பல்கலைக்கழகத்துடன் நெடுங்காலத் தொடர்புடைய மூத்த தொல்லுயிரியலாளர் அசோக் சாஹ்னி ஆகியோர் இந்தியத் தரப்பில் இதில் பங்கேற்றனர். அமெரிக்காவின் கென்னத் ரோஸ், ரேச்சல் டன், பெல்ஜியத்தின் தியரி ஸ்மித் ஆகியோர் அவர்களுடன் இணைந்து பணியாற்றினர்.

இத்தகைய சிறு விலங்குகளை மண்வெட்டி கொண்டு தேட முடியாது. களிமண்ணைக் கட்டி கட்டியாக எடுத்து, நீரில் ஊறவைத்துக் கரைத்து, நுண்ணிய சல்லடையில் அலசுகின்றனர். அரிசி களைவதுபோன்ற வேலை. சல்லடையில் தங்கும் துகள்களை உலர்த்தி, ஒவ்வொன்றாக நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தால் பல்லும் எலும்பும் தனித்தனியே கிடைக்கும். ஒரு விலங்கின் பல் ஓரிடத்திலும் அதன் கணுக்கால் எலும்பு வேறோர் இடத்திலும் சிதறியிருப்பதால், எந்தப் பல்லுக்கு எந்தக் கால் என்பதே முதல் சிக்கலாகிறது. அளவையும் வடிவத்தையும் பிற விலங்குகளுடன் ஒப்பிட்டுத்தான் இதை ஊகிக்க வேண்டும்.

பற்களையும் தாடைகளையும் கொண்டு முதலில் பெயர்கள் சூட்டப்பட்டன. பிரெஞ்சு தொல்லுயிரியலாளர் மார்க் கொதினோவின் நினைவாக 'மார்க்கொதினோட்டியஸ் இண்டிகஸ்', காம்பே படுகையின் பெயரால் 'ஆசியாடாபிஸ் காம்பேயென்சிஸ்' ஆகிய இரண்டும் அடாபாய்டு குழுவைச் சேர்ந்தவை. சுரங்கத்தின் பெயரைத் தாங்கிய 'வஸ்தானோமிஸ்' ஓமோமிட் குழுவில் வைக்கப்பட்டது. இவை எல்லாமே கைக்குள் அடங்கும் விலங்குகள். இன்றைய சிறிய புஷ்பேபிகளின் அளவுடையவை.

கணுக்கால் ஏன் முக்கியம்?

ஒரு விலங்கு எதைத் தின்றது என்பதைப் பல் காட்டும். எப்படி நடந்தது, எப்படித் தாவியது, எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பவற்றை அறியக் கால் எலும்புகள் தேவை. முதனிகளைப் பொறுத்தவரை கணுக்கால்தான் அடையாள அட்டை.

ஒருவர் தம் கணுக்காலைத் தடவிப் பார்த்தால் உட்புறமும் வெளிப்புறமும் இரண்டு புடைப்புகள் தட்டுப்படும். உட்புறப் புடைப்பு கீழ்க்காலின் பெரிய எலும்பின் முனை. வெளிப்புறப் புடைப்பு அதன் அருகில் உள்ள மெல்லிய எலும்பின் முனை. இந்த இரண்டுக்கும் நடுவே, இடுக்கியில் பிடித்ததுபோல அமர்ந்திருப்பது கணுக்கால் எலும்பு. அதன் வெளிப்பக்கச் சுவர், மனிதனிடமும் குரங்கிடமும் ஏறக்குறைய செங்குத்தாக இருக்கிறது. தேவாங்கிடமும் லெமூரிடமும் அதே சுவர் ஓட்டுக்கூரைபோல வெளிப்புறமாகச் சரிகிறது. பாதத்தை உட்புறமாகத் திருப்பி மரக்கிளையைப் பற்றிக்கொள்ளும் பழக்கத்துடன் இந்தச் சரிவைத் தொடர்புபடுத்துகின்றனர்.

அதே எலும்பின் பின்புறத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு. கால் பெருவிரலை மடக்கும் தசைநாண் அதன் வழியே இறங்குகிறது. உலர் மூக்கினத்தில் அந்தப் பள்ளம் நடுவில் இருக்கும். ஈர மூக்கினத்தில் வெளிப்பக்கமாக ஒதுங்கியிருக்கும். சில மில்லிமீட்டர் அளவுள்ள எலும்பில் ஒரு பள்ளம் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்பதைக் கொண்டு பல கோடி ஆண்டு வம்சாவளியைத் தீர்மானிக்கின்றனர்.

குதிகால் எலும்பு இன்னொரு சாட்சி. டார்சியரின் குதிகால் எலும்பு முன்பக்கம் வெகுவாக நீண்டிருக்கிறது. கணுக்கால் பகுதியைக் குறிக்கும் 'டார்சஸ்' என்ற சொல்லில் இருந்தே அந்த விலங்கின் பெயர் வந்தது. எலும்பு நீண்டால் அது நெம்புகோல் போலச் செயல்பட்டுத் தாவலின் தொலைவைக் கூட்டும். பழைய ஓமோமிட்டுகளிலும் இந்த நீட்சி காணப்படுகிறது. ஆனால் புஷ்பேபிக்கும் இதே நீட்சி உண்டு. அது எதிர்க்கிளையைச் சேர்ந்த விலங்கு. தாவி வாழும் தேவை இரு வேறு குடும்பங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. உடல் சிறிதாக இருந்தாலே குதிகால் எலும்பு ஒப்பீட்டளவில் நீளமாக அமைவதும் உண்டு. ஆகவே ஒரே ஓர் எலும்பை வைத்துத் தீர்ப்பு எழுதுவது ஆபத்தானது.

தொடை எலும்பின் கீழ் முனையில், முழங்கால் சில்லு வழுக்கி ஓடும் பள்ளம் ஆழமாக இருந்தால் தாவும் விலங்கு என்பர். மேற்கை எலும்பின் கீழ் முனையில் உள்ள குமிழ் உருண்டையாக இருந்தால், முன்கையைத் திருகிக் கிளையைப் பல கோணங்களில் பற்றும் விலங்கு என்பர். கட்டைவிரல்போல விலகி நிற்கும் கால் பெருவிரலும், கூர்நகத்துக்குப் பதிலாகத் தட்டையான நகமும் முதனிகளின் பொது அடையாளங்கள்.

வஸ்தான் எலும்புகளில் ஆய்வுக் குழு கண்டது என்ன? இரு குழுக்களிலும் அதுவரை அறியப்பட்ட எந்த எலும்பையும்விடப் பழைமையான அமைப்புகள் இவற்றில் இருந்தன. குழுக்களுக்கு இடையிலான வேறுபாடுகளோ மிகச் சிறியவை. மடகாஸ்கரின் சுண்டெலி லெமூரைப்போல, நான்கு கால்களாலும் கிளைகளைப் பற்றி ஏறி, அவ்வப்போது தாவி வாழ்ந்த விலங்குகளாக இவை இருந்திருக்க வேண்டும். நெடுந்தாவலுக்கான தனித்தேர்ச்சி எதுவும் இவற்றிடம் இல்லை. எனினும் சில எலும்புகளில் மெல்லிய வேறுபாடுகள் தலைகாட்டுகின்றன. பல லட்சம் ஆண்டுகளுக்குப் பின், இயோசீன் யுகத்தின் நடுப்பகுதியில், இரு குடும்பங்களையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும் பண்புகளின் தொடக்கம் அவை. பிரிவு நிகழ்ந்த வேளையின் சாயலை மிக அதிகமாகத் தக்கவைத்திருக்கும் எலும்புகள் இவையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

பற்களால் எழுந்த சர்ச்சை

இதே சுரங்கத்தின் பற்கள் இதற்கு முன் ஒரு விவாதத்தைக் கிளப்பின. 2008-ஆம் ஆண்டு, அப்போது ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் இருந்த சுனில் பாஜ்பாய் உள்ளிட்ட வேறொரு குழு, வஸ்தானில் கிடைத்த சில பற்களைக் கொண்டு 'ஆந்த்ராசிமியாஸ் குஜராத்தென்சிஸ்' என்ற புதிய விலங்கை அறிவித்தது. நிலக்கரியில் கிடைத்த குரங்கு என்பது அப்பெயரின் பொருள். சுமார் 75 கிராம் எடையுள்ள இவ்விலங்கே ஆசியாவின் மிகப் பழைய குரங்கினம் என்று அக்குழு வாதிட்டது. குரங்கின் வரலாறு இந்தியாவில் தொடங்கியது என்ற எண்ணத்துக்கு அது வலுவூட்டியது.

அடுத்த ஆண்டே ரோஸ் தலைமையிலான குழு கூடுதல் தாடைகளையும் பற்களையும், அவற்றோடு மேற்கை, ஆரை, தொடை, குதிகால் எலும்புகளையும் வெளியிட்டது. அவற்றில் குரங்கினத்துக்கே உரிய பண்பு எதுவும் தென்படவில்லை என்றும், ஆந்த்ராசிமியாஸ் என்பது ஏற்கெனவே பெயரிடப்பட்ட மார்க்கொதினோட்டியஸ்தான் என்றும் அக்குழு கூறியது. ஒரு பெயர் இன்னொரு பெயருக்குள் அடங்கிப்போவது இத்துறையில் அன்றாட நிகழ்வு. என்றாலும், செய்தித் தலைப்புகளில் வந்த 'மிகப் பழைய குரங்கு' என்ற சொற்றொடருக்கு இருந்த வேகம், அதைத் திருத்திய கட்டுரைக்கு இருக்கவில்லை.

வயது குறைவு, வடிவம் பழையது

இங்கு வாசகருக்கு ஒரு நியாயமான ஐயம் எழும். உலகின் மிகப் பழைய முதனிகள் 5 கோடியே 60 லட்சம் ஆண்டு பழைமையானவை. சீனாவின் ஹூபே மாகாணத்தில் கிடைத்து, 2013-இல் அறிவிக்கப்பட்ட 'ஆர்க்கிசீபஸ்' என்னும் விலங்கு சுமார் 5 கோடியே 50 லட்சம் ஆண்டு பழைமையானது. 20 முதல் 30 கிராம் எடையே கொண்டது. எலும்புக்கூட்டின் பெரும்பகுதியும் ஒரே கல்லில் கிடைத்தது. வஸ்தான் எலும்புகள் அவற்றைவிடச் சற்று இளையவை. அப்படியிருக்க, அவற்றை எப்படி மிகப் பழைமையான அமைப்பு கொண்டவை என்று சொல்ல முடியும்?

காலமும் வடிவமும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. போக்குவரத்து குறைந்த மலையூர்களில் இன்றைய பிள்ளைகளும் பேசும் சில சொற்கள், நகரங்களில் தாத்தா காலத்திலேயே வழக்கொழிந்திருப்பதைக் காண்கிறோம். விலங்குகளிலும் அப்படியே. மற்ற கண்டங்களில் மாறிவிட்ட ஓர் உடலமைப்பு, ஒதுங்கிய நிலப்பரப்பில் மாறாமல் நீடித்திருக்கலாம். அக்காலத்தில் இந்தியா அத்தகைய நிலப்பரப்பாக இருந்தது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் பக்கத்தில் இருந்து பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த இந்திய நிலத்தட்டு, ஆசியாவுடன் மோதத் தொடங்கிய காலம், அல்லது மோதலுக்குச் சற்று முந்திய காலம் அது. துல்லியமான ஆண்டு குறித்து நிலவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமயமலை இன்னும் எழவில்லை.

வஸ்தான் அப்போது நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்த கடலோர வெப்பமண்டலக் காடு. அதே பகுதியின் சுரங்கங்களில் பூச்சிகள் சிக்கிய மரப்பிசின் படிவங்களும் கிடைத்துள்ளன. குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களில் இருந்து வழிந்த பிசின் அது என்று ஆய்வுகள் காட்டின. முதனிகளுடன் வௌவால்கள், பாம்புகள், பறவைகள், குதிரை மற்றும் காண்டாமிருகத்தின் வம்சத்துக்கு நெருங்கிய 'காம்பேதீரியம்' ஆகியவையும் அங்கு வாழ்ந்தன.

இந்தத் தொகுப்பே பெரிய கேள்வியைக் கிளப்புகிறது. முதனிகள், குதிரை இனம் போன்றவை இந்தியத் தட்டில் தோன்றி, அது ஆசியாவைத் தொட்டபோது வடக்கே பரவின என்ற கருதுகோளை டேவிட் கிராஸ், மேரி மாஸ் ஆகியோர் 1990-இல் முன்வைத்தனர். அப்போது அதற்கு ஆதரவாகக் காட்ட இந்தியாவில் எலும்புகள் இல்லை. இப்போது எலும்புகள் இருக்கின்றன. ஆனால் அவை இரு பக்கமும் பேசுகின்றன. உடலமைப்பின் பழைமை கருதுகோளுக்குச் சாதகம். ஆசியாடாபிஸ் வகையின் பற்கள் ஐரோப்பாவின் பழைய அடாபாய்டுகளை மிகவும் ஒத்திருப்பது, வடக்கில் இருந்து விலங்குகள் இந்தியாவுக்குள் வந்திருக்கலாம் என்ற எதிர்வாதத்துக்கும் இடம் தருகிறது. இந்தியாவே முதனிகளின் தாயகம் என்று இந்த எலும்புகளைக் கொண்டு அறிவிப்பது மிகை.

ஆசியாடாபிஸ் வகையின் பற்களில் சில பண்புகள், மிகப் பிற்காலத்தில் சிவாலிக் பகுதியில் வாழ்ந்த சிவலடாபிஸ் என்ற அடாபாய்டை நினைவூட்டுகின்றன. இமாச்சலப் பிரதேசத்தின் ஹரிதல்யாங்கர் அருகே கிடைத்த அந்த விலங்கு, ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை வாழ்ந்தது. மற்ற கண்டங்களில் அடாபாய்டுகள் அழிந்து வெகுகாலம் ஆன பிறகும் ஆசியாவில் அந்த வம்சம் தாக்குப்பிடித்திருக்கிறது. வஸ்தான் விலங்குகள் அதன் நேர் முன்னோர்களா என்பது இன்னும் முடிவாகவில்லை.

சுரங்கம் தரும், சுரங்கமே எடுத்துக்கொள்ளும்

வஸ்தான் எலும்புகளின் வயதும் ஒருமுறை திருத்தப்பட்டது. 2009-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அது சுமார் 5 கோடியே 30 லட்சம் ஆண்டு எனக் குறிப்பிடப்பட்டது. பின்னர் அதே படிவுகளில் இருந்த நுண்ணிய கடல்வாழ் உயிரிகளின் கூடுகளையும் கார்பன் ஐசோடோப்பு அளவீடுகளையும் கொண்டு 5 கோடியே 45 லட்சம் ஆண்டு எனக் கணக்கிடப்பட்டது. மண் அடுக்கு நேரில் பார்க்கக் கிடைத்தால்தான் இத்தகைய மறு அளவீடு சாத்தியம்.

திறந்தவெளிச் சுரங்கத்தில் அது எளிதான காரியம் அல்ல. பழுப்பு நிலக்கரிக்கு மேலே உள்ள களிமண் அகற்றப்பட வேண்டிய கழிவு. இயந்திரங்கள் அதை வெட்டிக் குவித்து, முன்பு தோண்டிய பள்ளத்திலேயே கொட்டி நிரப்புகின்றன. இந்த எலும்புகளை வெளியே கொண்டுவந்தது சுரங்கப் பணிதான். அது இல்லாவிட்டால் அவை நிலத்தின் ஆழத்திலேயே கிடந்திருக்கும். அதே பணி முன்னேறும்போது அடுக்கும் மறைந்துபோகிறது. புதைபடிவ அடுக்கு வெளியே தெரியும் நாள்களுக்குள் ஆய்வாளர்கள் சாக்குகளில் மண்ணை அள்ளிக்கொள்ள வேண்டும்.

அருகில் உள்ள தட்கேஷ்வர் சுரங்கத்தில் தேடுதல் தொடர்ந்தது. அங்கு கிடைத்த தாடைத் துண்டு ஒன்றின் பற்கள், வஸ்தானின் ஆசியாடாபிஸ் பற்களைப் போலவே இருந்தாலும் அளவில் கணிசமாகப் பெரியவை. அதைக் கொண்டு 2018-இல் ஆசியாடாபிஸின் இன்னொரு சிற்றினம் பெயரிடப்பட்டது. அந்தத் தாடைக்குரிய விலங்கின் கால் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல, தாடையும் கணுக்கால் எலும்பும் ஒரே களிமண் கட்டியில் சேர்ந்து கிடைக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால், பெயர் ஒட்டாமல் பெட்டிகளில் இருக்கும் வஸ்தான் எலும்புகளில் எவை தேவாங்கின் பக்கம், எவை குரங்கின் பக்கம் என்று பிரித்து வைக்கலாம்.